பூட்டுக்குத்தான் காவல், பேச்சுக்கு அல்ல!

ஊரார் பணத்தில் எழுந்த அரங்கம் ஊராருக்கு உரியதா? அதன் சாவியை வைத்திருக்கும் அதிகாரிக்கு உரியதா?

கேள்வி எளிது. பதிலும் எளிது. ஆனால் அந்த எளிய பதிலை ஏற்றுக்கொள்ளத்தான், ஆட்சிப் பீடத்தில் அமர்ந்தவர்களுக்கு, எந்தக் காலமானாலும், எந்தக் கொடி பறந்தாலும், மனம் வருவதில்லை!

பாகூர் கொம்யூனைச் சேர்ந்த கரையாம்புத்தூரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு மண் சூழ்ந்த புதுவைத் துண்டு அது. தலைநகர் புதுச்சேரியில் ஒரு மண்டபத்தார் கையை விரித்தால் இன்னொரு மண்டபம் உண்டு. கலியாண மண்டபம் உண்டு, ஓட்டல் கூடம் உண்டு, வீட்டு மாடியைக் கொடுக்கும் கலை அன்பர்களும் உண்டு. கரையாம்புத்தூர் போன்ற சிற்றூரில் என்ன உண்டு? பொதுத் திடல் உண்டு. சமுதாயக் கூடம் உண்டு. அரசுப் பள்ளியின் வெளி உண்டு. எல்லாமே அரசின் கையில்! கோயில் வாசல் உண்டே என்பீர்கள். அந்த வாசலில் எந்தக் கதை நடக்கும், எது நடக்காது, யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பதெல்லாம் சொல்லித் தெரியவேண்டிய செய்தியா?

எனவே, நகரத்தில் "இல்லை" என்றால் நாடகம் இடம் மாறும். சிற்றூரில் "இல்லை" என்றால் நாடகம் செத்துப்போகும். பொது அரங்கின் சாவிபற்றி நாம் பேசுவது, நகரத்துக் கலைஞர்களின் பொழுதுபோக்குப் பற்றிய பேச்சல்ல. ஏழை ஊருக்கு நாக்கு உண்டா, இல்லையா என்ற பேச்சு!

அந்த "இல்லை"யை அதிகாரி எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள், தோழர்களே! நேராகச் சொல்லமாட்டார். "போலீஸ் கடிதம் கொண்டுவா" என்பார். காவல் நிலையத்துக்குப் போனால், "முதலில் கூடத்துக்கு அனுமதி வாங்கி வா" என்பார்கள். இரண்டு வாசலுக்கும் நடந்து செருப்புத் தேய்ந்த பிறகு, "அன்றைக்கு வேறு நிகழ்ச்சி" என்று ஒரு வார்த்தை. அல்லது "மின்சார வேலை நடக்கிறது". அல்லது "மேலிடத்தில் கேட்கவேண்டும்". எழுத்தில் ஒரு வரி வராது. எழுத்தில் வந்தால் வழக்கு மன்றத்துக்குப் போய்விடுவோமே!

இளங்கோவடிகள் மூன்று வகைத் திரைகளைச் சொன்னார்: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. மூன்றாவது திரை, மறைவிடத்திலிருந்து இறங்கும் திரை. நம் அதிகாரிகள் கலை அறியாதவர்கள் என்று எவர் சொன்னது? கரந்துவரல் எழினியை அவர்களைப்போல் இறக்கத் தெரிந்தவர் எவர்!

சரி, அந்த அதிகாரியையாவது ஊரார் தேர்ந்தெடுத்தார்களா? புதுவை மாநிலத்தில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல். முப்பத்தெட்டு ஆண்டு உறக்கம்! அந்தத் தேர்தலில் வந்தவர்களின் காலம் 2011-இல் முடிந்தபின், கொம்யூன் பஞ்சாயத்துகள் மீண்டும் ஆண்டுக்கணக்கில் ஆணையர்களின் கையில். வாக்குக் கேட்டு வந்தவன் மறுத்தால், அடுத்த தேர்தலில் அவன் வாசலில் நின்று கேட்கலாம். மாற்றலாகிப் போகும் அதிகாரி மறுத்தால், யார் வாசலில் நிற்பது?

இந்த மண்ணின் கலை எப்படிப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். இது தெருக்கூத்து மண். இரவெல்லாம் பாரதக் கூத்து நடக்கும். கட்டியங்காரன் வருவான். அரசனைக் கேலி செய்வான். அமைச்சனைக் கேலி செய்வான். எதிரே அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரிய மனிதரையும் விடமாட்டான். அன்றைய விலைவாசி, அன்றைய வம்பு, அன்றைய அநியாயம் அத்தனையும் அவன் வாயில் புகுந்து புறப்படும். அவன் கையெழுத்துப் படியை எந்த அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினான்? அடுத்த வரி என்னவென்று அவனுக்கே தெரியாதே! படிப்பறிவில்லாதவர் என்று எண்ணப்பட்ட கிராமத்து மக்கள் பல நூறு ஆண்டுகளாகத் தாங்கிக்கொண்ட கேலியை, படித்துப் பட்டம் பெற்ற அதிகாரியின் காது தாங்க மறுக்கிறது. இது விந்தையல்லவா?

நாடகத்தைக் கண்டு நடுங்குவது இங்குள்ள ஆட்சியாளர் மட்டுமல்லர். வேல்சு இளவரசருக்கு வீட்டைத் திறந்து உபசாரம் செய்த ஒரு வங்காளப் பிரமுகரைக் கல்கத்தா மேடை கேலி செய்தது. வெள்ளை ஏகாதிபத்தியம் உடனே 1876-இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. துப்பாக்கியும் பீரங்கியும் வைத்திருந்த ஆட்சிக்கு, அரிதாரம் பூசிய முகத்தைக் கண்டு அச்சம்!

வெள்ளையன் போனான். அவன் சட்டம் போயிற்றா? 1953-இல் லக்னோவில் இந்திய மக்கள் நாடகக் கழகத்தார் பிரேம்சந்தின் 'ஈத்கா' கதையை நாடகமாக்கி நடித்தார்கள். சுதந்திர இந்தியாவின் அதிகாரிகள் அவர்கள்மீது அதே 1876 சட்டத்தை ஏவினார்கள். பெருநாள் சந்தையில் பொம்மை வாங்காமல், ரொட்டி சுடும்போது கை சுட்டுக்கொள்ளும் பாட்டிக்கு இடுக்கி வாங்கி வரும் ஏழைச் சிறுவனின் கதை அது. அதற்கா வழக்கு! 1956-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அந்தச் சட்டம் அரசியல் சட்டத்துக்கு முரண் என்றது. நாடாளுமன்றம் அதை ஏட்டிலிருந்து துடைத்தெறிந்ததோ 2018-இல். பிறந்த நாளிலிருந்து எண்ணினால் 142 ஆண்டுகள்!

தமிழகத்து மேடையின் கதை வேறா? விசுவநாத தாஸ் மேடையில் விடுதலைப் பாட்டுப் பாடினார், சிறை சென்றார், மீண்டும் பாடினார், மீண்டும் சென்றார். 1940-இல் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் விட்டார். புதுவை மண் ஈன்ற புரட்சிக் கவிஞர் பாரதிதாசனின் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' நாடகத்துக்கு 1948-இல் சென்னை அரசு தடை போட்டது. அன்று புதுவையில் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. சென்னையில் நம்மவர் ஆட்சி. தடை போட்டவர் நம்மவர்!

1954-இல் நடிகவேள் எம். ஆர். இராதா இராமாயணத்தை மேடையில் அலசினார். மனம் புண்படும் என்று கருதுவோர் என் நாடகத்துக்கு வரவேண்டாம் என்று அவரே அறிவித்தார். இதைவிட நேர்மை உண்டா? வரவேண்டாம் என்றவரைத் தேடிப்போய் மனம் புண்பட்டார்கள். அதே ஆண்டு சட்டசபையில் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் பிறந்தது. ஒரு நடிகருக்காக ஒரு சட்டம்! அதன்பின் ஆட்சிகள் மாறின. 1967-இல் மேடையிலும் ஏட்டிலும் வளர்ந்தவர்களே கோட்டைக்குள் நுழைந்தார்கள். ஆனாலும் அந்தச் சட்டம் ஏட்டில் உயிரோடு கிடந்தது. பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி வழக்காடினார். 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. இதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகல்ல. கட்டும் கயிறு கையில் இருந்தால் யாருக்கும் அதை எறிய மனம் வராது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"பழைய சட்டங்கள் ஒழிந்தனவே, இன்னும் என்ன கவலை?" என்று கேட்பவருக்கு ஒரு பதில் உண்டு. காலாப்பட்டு!

புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பிக்கும் துறை, தமிழ் நாடகத் தந்தை சங்கரதாசு சுவாமிகளின் பெயரைத் தாங்கிய பள்ளியாக வளர்ந்தது. சுவாமிகள் 1922-இல் கண்மூடியது இதே புதுவையில். அவர் நினைவிடம் கருவடிக்குப்பத்தில். அத்தகைய இடத்தில், 2024 மார்ச்சில், 'எழினி' என்ற துறை விழாவில் மாணவர்கள் 'சோமாயணம்' என்ற நாடகத்தை நடித்தார்கள். பழைய இராமாயணப் பாத்திரங்களுக்கு மாற்றுப் பெயர் சூட்டிய, இன்றைய கண்ணோடு எழுதப்பட்ட நாடகம். உடனே ஒரு மாணவர் அமைப்பு, அகில பாரதிய வித்யார்த்தி பரிஷத், கொதித்து எழுந்தது. கண்டனம், போராட்டம், போலீசில் புகார், வழக்கு! பல்கலைக்கழகம் என்ன செய்தது? விசாரணைக் குழு போட்டது. துறைத் தலைவரைப் பொறுப்பிலிருந்து விலகி நிற்கச் சொன்னது.

அந்த நாடகம் நல்ல நாடகமா, கெட்ட நாடகமா? அதைப்பற்றி நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பிடிக்காதவர் கண்டித்தது தவறா? இல்லை! கண்டிப்பது அவர்கள் உரிமை. எதிர் நாடகம் போடட்டும், துண்டறிக்கை அச்சிடட்டும், வாயில் முன் நின்று முழங்கட்டும். அவர்கள் வாயையும் பொத்தக்கூடாது என்பதே நம் கொள்கை. நம் கேள்வி பல்கலைக்கழகத்தை நோக்கியது. நாடகம் கற்றுக்கொடுக்க மக்கள் பணத்தில் கட்டிய கூடத்தில் நாடகம் போட்டதற்கு, ஆசிரியர் ஏன் நாற்காலியை விட்டு எழவேண்டும்? நீச்சல் குளத்தில் நீந்தினான் என்று தண்டிப்பாருண்டா?

இங்கே ஒரு தடையைச் சட்டம் படித்தவர்கள் எழுப்புவார்கள். "பேச உரிமை உண்டு. ஆனால் அரசின் கட்டடத்தில் பேச உரிமை உண்டா? வீட்டுக்காரன் திண்ணையைத் தர மறுக்கலாமே!" என்பார்கள். நேர்மையான கேள்விதான். 1969-இல் உச்சநீதிமன்றமே, ரயில்வே நிலத்தில் கூட்டம் போட ஊழியர்களுக்கு அடிப்படை உரிமை இல்லை என்று சொல்லியிருக்கிறது. அதை மறைக்கவேண்டிய தேவை நமக்கில்லை. ரயில் நிலையம் ரயிலுக்காகக் கட்டியது. அங்கே கூட்டம் போட்டால் வண்டி நிற்கும். ஆனால் நாடக மேடை எதற்காகக் கட்டியது? நெல் காயவைக்கவா? திடல் எதற்காக விட்டது? பேசவும் ஆடவும் கூடவும்தானே! 1972-இல் ஆமதாபாத் வழக்கில் அதே உச்சநீதிமன்றம், பொதுத் தெருவில் கூட்டம் நடத்துவதை மனம்போல் மறுக்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்குத் தந்த விதியை வெட்டி வீழ்த்தியது. ஒழுங்குபடுத்தலாம், ஒரேயடியாக மறுக்கலாகாது என்பதே அதன் சாரம். தெருவுக்கே அந்த உரிமை என்றால், பேச்சுக்காகவே பிறந்த மேடைக்கு உரிமை குறைவா?

கடல் கடந்தும் இதே வழக்கு நடந்திருக்கிறது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்துச் சட்டநூகா நகரம். 1971-இல் 'ஹேர்' என்ற இசை நாடகக் குழுவினர் நகராட்சி பொறுப்பில் இருந்த அரங்கத்தைக் கேட்டார்கள். வாரியத்தார் மறுத்தார்கள். நாடகத்தைப் பார்த்தார்களா? இல்லை. படியைப் படித்தார்களா? இல்லை. ஆபாசம் என்று யாரோ சொல்லக் கேள்வி! 1975-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் வாரியத்தின் தலையில் குட்டியது. நகராட்சி அரங்கம் கருத்து வெளியீட்டுக்கென்றே அமைந்த இடம். அதை மறுப்பது நாடகம் நடக்கும் முன்பே போடும் தடை. தடை போட விரும்பும் அதிகாரிதான் வழக்கு மன்றம் போய்க் காரணம் காட்டவேண்டும். அதுவும் விரைவில் முடிவு கிடைக்கும்படி செய்யவேண்டும் என்றது. அமெரிக்கச் சட்டம் நமக்குச் சட்டமல்ல. ஆனால் நியாயத்துக்குக் கடவுச்சீட்டு வேண்டுமா?

இங்கிலாந்து 1737-இல் தொடங்கிய நாடகத் தணிக்கையை 1968-இல் கைவிட்டது. நமக்கு முன்னாள் எசமானாக இருந்த பிரான்சு நாட்டில் அது 1906-இலேயே ஓய்ந்தது. புதுவையின் அரசு நூலகத்துக்கு யார் பெயர்? ரோமன் ரோலண்டு! 1903-இல் 'மக்கள் நாடகம்' என்று நூல் எழுதி, மேடை மக்களுக்கு உரியது என்று வாதாடியவர். அவர் பெயரைக் கட்டடத்தின் நெற்றியில் எழுதத் தெரிந்தவர்களுக்கு, அவர் கருத்தைக் கொம்யூன் திடலில் நடத்தத் தெரியாதா?

"வரி கட்டும் மக்களின் நம்பிக்கையை, அவர்கள் பணத்தில் கட்டிய மேடையிலேயே தாக்குவதா?" என்று மடக்குவோர் உண்டு. அதே நூலகத்துக்குள் போய்ப் பாருங்கள். அங்கே நம்புகிறவன் படிக்கும் நூலும் இருக்கிறது, நம்பாதவன் படிக்கும் நூலும் இருக்கிறது. இரண்டையும் வாங்கியது மக்கள் பணம். ஏனென்றால் மக்கள் என்பவர் ஒரே கருத்துக்காரர் அல்லர். தீக்குச்சிக்கு வரி கொடுக்கும்போது, "நீ ஆத்திகனா, நாத்திகனா?" என்று எவராவது கேட்டதுண்டா? வாங்கும்போது கேட்காத கேள்வியை, மேடையைத் தரும்போது மட்டும் கேட்பானேன்?

"கலவரம் வருமே!" என்பது கடைசி ஆயுதம். இங்கேதான் தோழர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது.

'ஒரே ஒரு கிராமத்திலே' என்று ஒரு தமிழ்ப் படம். சாதி அடிப்படையில் தரும் இட ஒதுக்கீட்டைக் குறைகூறிய படம். நாம் உயிரென மதிக்கும் கொள்கையின் நெஞ்சில் குத்திய படம்! தமிழகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. படம் ஓடினால் கலவரம் வரும் என்று அரசுத் தரப்பு வாதாடியது. 1989-இல் உச்சநீதிமன்றம் படத்தின் பக்கம் நின்றது. வன்முறை மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்தை அடக்கக்கூடாது. எதிர்ப்பாளரைச் சமாளிக்க முடியவில்லை என்று ஓர் அரசு சொல்லக்கூடாது. பேச்சுரிமையைக் காப்பது அரசின் கடமை என்றது.

இன்று 'சோமாயணம்' நடித்த மாணவனுக்குக் கேடயம் எது? நாளை கரையாம்புத்தூரில் சாதிக் கொடுமையைப்பற்றி நாடகம் போடும் இளைஞனுக்குக் கேடயம் எது? அதே தீர்ப்புத்தான்! நமக்கு எதிரான படம் வாங்கித் தந்த தீர்ப்பு, நம் மேடையைக் காக்கிறது. மாற்றான் பேச உரிமை பெற்ற அன்றுதான், நம் பேச்சுக்கும் உறுதி பிறந்தது. இதை மறந்து, "நம் நாடகத்துக்கு மேடை, அவன் நாடகத்துக்குப் பூட்டு" என்று கேட்பவன், தன் வீட்டுக் கதவுக்கே வெளியில் தாழ்ப்பாள் போடுகிறான்.

இந்தப் பாடம் இந்தக் கட்சிக்கு, அந்தக் கட்சிக்கு என்று இல்லை. 2019-இல் மேற்கு வங்கத்தில் அரசியலைக் கேலிசெய்த 'பொபிஷ்யோத்தேர் பூத்' என்ற படம், வெளிவந்த மறுநாளே கொட்டகைகளிலிருந்து மறைந்தது. காகிதத்தில் தடையில்லை, கரந்துவரல் எழினி! உச்சநீதிமன்றம் அந்த மாநில அரசுக்கு இருபது இலட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. அந்தப் பணம் யார் வீட்டுப் பணம்? மறைமுகமாகப் பூட்டுப் போட்டவர் ஆட்சியாளர். அபராதம் கட்டியவர் மக்கள்!

"அப்படியானால் கட்டுப்பாடே கூடாதா?" என்று கேட்கலாம். கூடாது என்று நாம் சொல்லவில்லை. எத்தனை மணிக்கு முடியவேண்டும், ஒலிபெருக்கி எவ்வளவு முழங்கலாம், தீயணைப்புக்கு என்ன ஏற்பாடு, வாடகை என்ன, உடைத்த நாற்காலிக்கு யார் பொறுப்பு ஆகியவற்றை அதிகாரி கேட்கட்டும், கண்டிப்பாகக் கேட்கட்டும். அவை பூட்டைப்பற்றிய கேள்விகள். "உள்ளே என்ன பேசப்போகிறாய்?" என்பது பூட்டைப்பற்றிய கேள்வி அல்ல. அதைக் கேட்க அவருக்குச் சம்பளம் தரவில்லை. அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு பேச்சுக்கு எல்லைகளையும் வகுத்திருக்கிறது. அந்த எல்லையை ஒருவன் மீறினான் என்றால், கேட்கச் சட்டம் இருக்கிறது, வழக்கு மன்றம் இருக்கிறது. நடக்காத நாடகத்துக்கு, காணாத காட்சிக்கு, சாவிக்கொத்தைக் குலுக்கித் தீர்ப்புச் சொல்ல அதிகாரி நீதிபதியல்ல.

ஆகவே புதுவை ஆட்சியாளரையும், எங்கெல்லாம் பொது அரங்கம் உண்டோ அங்குள்ள ஆட்சியாளரையும் கேட்கிறோம்.

ஒவ்வொரு பொதுக் கூடத்துக்கும், திடலுக்கும், அரங்கத்துக்கும் விதிகளைத் தமிழில் அச்சிட்டு வாயிலில் ஒட்டுங்கள். அந்த விதிகளில் நாடகத்தின் கருத்தைப்பற்றி ஓர் எழுத்தும் இருக்கவேண்டாம்.

முன்பதிவுப் புத்தகத்தை எவர் கேட்டாலும் காட்டுங்கள். முன்னே வந்தவருக்கு முதலிடம் என்பது ரேஷன் கடை வரிசைக்குத் தெரிந்த நீதி. கலை அரங்கத்துக்குத் தெரியாதா?

மறுப்பதானால் குறித்த நாளுக்குள், காரணத்தோடு, எழுத்தில் மறுங்கள். பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே பொருள் என்று விதி செய்யுங்கள்.

போலீசையும் கூடத்தையும் மாற்றி மாற்றிக் காட்டி அலைக்கழிக்காதீர்கள். ஒரே மனு, ஒரே இடம், ஒரே பதில் என்று ஆக்குங்கள்.

கல்லெறிவோம் என்று ஒரு கூட்டம் மிரட்டினால், கல்லெறிபவன் கையைப் பிடியுங்கள். நடிப்பவன் வாயைப் பொத்தாதீர்கள்.

இந்த விதியை நம்மைப் புகழும் நாடகத்துக்கும், நம்மை இகழும் நாடகத்துக்கும், ஒருபோல நடத்துங்கள்.

கோரிக்கைகள் பெரியனவா? கோடிப் பணம் கேட்கிறோமா? ஒரு காகிதம், ஒரு கையெழுத்து, கொஞ்சம் நெஞ்சுரம்! அவ்வளவே.

தோழர்களே, உங்களுக்கும் ஒரு சொல். கேட்காத உரிமை துருப்பிடிக்கும். ஊர்க்கூடத்தை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். மறுப்பைக் கையில் வாங்கிக்கொண்டு வழக்கு மன்றத்தின் கதவைத் தட்டுங்கள். ஞாநி என்ற தனி ஒரு நாடகக்காரர் தட்டி, 1954-இல் போட்ட பூட்டு 2013-இல் திறந்தது. ஓர் ஊரே சேர்ந்து தட்டினால் திறக்காத கதவு உண்டா?

இராதாவின் நாடகத்தைத் தடுக்கச் சட்டம் செய்தார்கள். சட்டம் போயிற்று, இராதாவின் பெயர் நிற்கிறது. இரணியனைத் தடை செய்தார்கள். தடை போயிற்று, பாரதிதாசனின் எழுத்து நிற்கிறது. மேடையோடு மோதிய ஆட்சிகளின் வரலாறு இதுதான். பொது அரங்கின் பூட்டுக்கு ஆட்சியாளர் காவல் இருக்கட்டும். அது அவர்கள் வேலை. அரங்கில் எழும் பேச்சுக்கு மக்களே காவல். சாவியைக் கையில் வைத்திருப்போர் இந்த வேறுபாட்டை இன்றே உணர்வது அவர்களுக்கும் நல்லது, நாட்டுக்கும் நல்லது.